கம்பி மேடமும் காணாமல் போன டப்பாவும்

கம்பியே இல்லாத பாடத்தை நடத்துகிறவருக்குக் கம்பி மேடம் என்று பெயர் வந்தது பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் குறும்பு. வயர்லெஸ் என்பதைத் தமிழில் கம்பியில்லாத் தொடர்பு என்று அவர் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரத்துக்குள் 'இல்லா'வை உதிர்த்துவிட்டுக் கம்பியை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் இன்னொரு உள்குத்தும் இருந்தது. மற்ற வகுப்புகளில் வருகையைச் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டுகிற கூட்டம், இவருடைய வகுப்பில் மட்டும் மணியடித்த பிறகும் நகராது. ஆய்வகத்தைப் பூட்ட வருகிற உதவியாளர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அவர் எடுத்த எடுப்பிலேயே இப்படி இருந்தவர் இல்லை. படிக்கிற காலத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, சமன்பாடுகளைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிற ரகம். படித்து முடித்ததும் வாக்கி டாக்கி பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள், செத்துப்போன ஒரு செட்டை முன்னால் வைத்து, "இதை எழுப்பிக் குடும்மா" என்றார்கள். ஈயம் உருக்கிக் கம்பியைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சூடேறிக் கிடந்தது, அதை அவர் நடுவில் பிடித்தார். விரலில் கொப்புளம் வந்தது. பக்கத்து மேசைக்காரி சிரித்துக்கொண்டே குழாயடிக்கு இழுத்துப்போய் விரலைத் தண்ணீரில் பிடித்து, "பேனா மாதிரி பிடிக்கணும்டி, சப்பாத்திக் கட்டை மாதிரி இல்ல" என்றாள். அந்த வாரக் கடைசியில் ஒரு செட் இவர் கையில் கரகரத்து, பிறகு தெளிவாகப் பேசியது. அதற்கு முன் எத்தனையோ பரீட்சைகளில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார். ஆனால் அன்றைக்கு வந்த குஷி அதற்கு முன் வந்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கரகரப்பு காதிலேயே இருந்தது.

பிறகு கல்யாணம். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய ஊருக்குக் குடி வந்து, அங்கிருந்த கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் எல்லாரையும் போலக் கரும்பலகையை நிரப்பினார். பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளையும் போலத் தூங்கினார்கள். கடைசி வரிசையில் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு காலி பாட்டிலில் செப்புக் கம்பியைச் சுற்றி எடுத்து வந்தார். நீளமான ஒரு வயரை ஜன்னல் வழியாக வெளியே மரத்துக்கு இழுத்துக் கட்டினார். இன்னொன்றைத் தண்ணீர்க் குழாயில் முடிந்தார். நடுவில் ஒரு சின்ன டயோடு. காதில் வைக்கிற குமிழ் ஒன்றைத் தூங்குமூஞ்சியிடம் நீட்டினார். அவன் அலட்சியமாக வாங்கிக் காதில் வைத்தான். கண் அகலமானது.

"யாரோ செய்தி வாசிக்கிறாங்க மேடம்."

"வாசிக்கட்டும். பேட்டரி எங்க இருக்குன்னு கண்டுபிடி."

அவன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தான். கடைசியில் மேடத்தின் கைப்பையைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"பேட்டரியே இல்லடா. ஊருக்கு வெளிய ஒரு வானொலிக் கோபுரம் இருக்கே, அது அனுப்புற சக்தியிலதான் இது பேசுது."

அன்று வகுப்பில் யாரும் தூங்கவில்லை. காதுக்குமிழுக்குத்தான் அடிதடி நடந்தது.

அதிலிருந்து முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் இப்படித்தான் தொடங்கும். கம்பியில்லா அழைப்புமணி செய்வார்கள். ஒரு அறையில் பேசினால் பக்கத்து அறை ரேடியோவில் கேட்கிற மைக் செய்வார்கள். வேலை செய்யாதபோதுதான் புத்தகத்தைத் திறப்பார்கள். பொதுவாக எதுவும் முதலில் வேலை செய்யாது என்பதால் புத்தகம் நிறையவே திறக்கப்பட்டது.

துறைத்தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கோட்பாட்டை மனப்பூர்வமாக நேசிக்கிற மனிதர். ஆன்டெனாக்களைப் பற்றி முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவர். சட்டையில் சாக்பீஸ் தூள் இல்லாத நாளில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"முதல் வருஷத்துக்கு அஸ்திவாரம்தாம்மா முக்கியம்," என்றார் ஒருநாள். "அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடியே மொட்டைமாடிக்குப் போய்க் காத்து வாங்க முடியுமா?"

"வீடு எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துட்டா, தோண்டறதுக்கு ஆசை வரும் சார்."

"வர்ற வாரம் கல்லூரிய ஆய்வு பண்ண ஒருத்தங்க வர்றாங்க. அவங்க முன்னாடி உங்க விளையாட்டக் காட்டுங்க. அவங்க நல்லா இருக்குன்னா நடத்துங்க. இல்லேன்னா அடுத்த பருவத்துலேருந்து கரும்பலகைதான். சரியா?"

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோமோ என்று அவருக்கு உறைத்தது.

காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது டப்பா வேட்டை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர். இடைவிடாமல் 'பீப் பீப்' என்று காற்றில் ஒரு சங்கேதம் அனுப்பும். ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கு வானொலிக்கான அரசுத் தேர்வு எழுதி அனுமதி வாங்கியிருந்ததால் அதை இயக்க அவருக்கு உரிமை இருந்தது. அதை வளாகத்தில் எங்காவது ஒளித்துவைப்பார். பிள்ளைகள் தங்கள் கையால் செய்த ஆன்டெனாவைக் கொண்டு அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆன்டெனா என்றால் பெரிய விஷயமில்லை. பிளாஸ்டிக் குழாயில், தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவை வெட்டிக் குறுக்கே பொருத்தினால் போதும். எந்தப் பக்கம் திருப்பினால் அதில் இணைத்த ரிசீவரில் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் டப்பா இருக்கிறது என்று பொருள்.

மூன்று அணிகள். ஒன்றுக்குத் தலைவன் ஏணி. உயரத்தால் வந்த பெயர், தன்னம்பிக்கையும் அதே உயரம். இன்னொரு அணியில் சாரி இருந்தாள். அது புடவையால் வந்த பெயரல்ல. நாற்காலியில் இடித்தால் நாற்காலியிடம் சாரி சொல்லுகிற பெண் அவள். ஒரு மாதம் முன்பு கம்பி மேடத்தின் முன்னால் வந்து நின்று, "சாரி மேடம், எனக்கு இதெல்லாம் வராது. சித்தப்பா சொன்னாருன்னு சேர்ந்துட்டேன். வேற படிப்புக்கு மாறிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"தாராளமா மாறிக்கோ. இந்த ஆன்டெனாவ மட்டும் முடிச்சிட்டு மாறு. நாடாவ வேற வெட்டிட்ட. பாதில விட்டா அதுல துணி கூட அளக்க முடியாது."

அவளும் முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவள்தான்.

ஆய்வுக்கு முந்தைய நாள் மதியம் மேடம் டப்பாவை ஒளித்துவைத்தார். மறுநாள் காலையில் தானாகவே விழித்துக்கொண்டு சங்கேதம் அனுப்பும்படி செய்திருந்தார். அன்று மாலை கணவர் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குமா?"

"உங்க கடைக்கு என் பசங்க வர்றாங்க. ஃப்ரேம் மாட்டிவிடும்போது நீங்க பேசாம இருப்பீங்களா? வாய் விட்டுடுவீங்க."

கணவர் கொஞ்சம் யோசித்து, "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டு தட்டைப் பார்த்துக் குனிந்தார்.

ஆய்வுக்கு வந்த அம்மையார் நரைத்த கிராப்பும் நடைக்கேற்ற காலணியுமாக ஆய்வகத்துக்குள் நுழைந்தார். பின்னால் துறைத்தலைவர். காலையிலிருந்தே அவர் முகம் சரியில்லை. யாரோ ஏதோ சொன்னபடி செய்யவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மேடம் விளையாட்டை விளக்கிவிட்டுப் பிள்ளைகளைக் கிளப்பினார். ஆளுயர ஆன்டெனாக்களை வாள்போலத் திருப்பிக்கொண்டு மூன்று அணிகளும் மைதானத்தில் இறங்கின.

சற்று நேரத்தில் மூன்றும் ஒரே திசையைக் காட்டின. வாசல் கேட்டை.

மேடத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஏனென்றால் டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாணவர்கள் கனவிலும் தொடத் துணியாத இடமாகப் பார்த்து, துறைத்தலைவர் அறையில் விருந்தாளிகள் உட்காருகிற பழைய சோபாவின் கிழிசலுக்குள் செருகியிருந்தார். கட்டடச் சுவர்களில் பட்டு எதிரொலித்து அலை வழிதவறுகிறது, பிள்ளைகள் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சாரி ஓடி வந்தாள். "சாரி மேடம். டப்பா காலேஜுக்கு உள்ள இல்ல."

"எதிரொலியா இருக்கும். திரும்பப் பாரு."

"மூணு இடத்துல நின்னு பாத்துட்டோம் மேடம். மூணு கோடும் வெளியதான் போகுது." பிறகு, யோசித்து, "சாரி" என்றாள்.

மூன்று இடத்திலிருந்து பார்த்து மூன்றும் ஒத்துப்போனால் அது எதிரொலி இல்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மேடம் மெதுவாக நழுவி, மாடிப்படி ஏறி, துறைத்தலைவர் அறையை எட்டிப் பார்த்தார். சோபா இருந்த இடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன.

கீழே வந்து, மென்று விழுங்கி, "சார், உங்க ரூம்ல ஒரு சோபா இருந்ததே..." என்றார்.

"அத ஏன் கேக்கறீங்க. ஆய்வுக்கு வர்றவங்க கிழிஞ்ச சோபாவுல உக்காரக் கூடாதேன்னு நேத்து சாயந்தரம் புது உறை போடக் குடுத்தேன். காலைல கொண்டாந்துடறேன்னு சொன்ன ஆளு இன்னும் வரல."

"அதுக்குள்ளதான் சார் டப்பா இருக்கு."

"எதுக்குள்ள?"

"சோபாவுக்குள்ள."

"என் சோபாவுக்குள்ளயா?"

துறைத்தலைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இருங்க, கடைக்காரரக் கூப்பிட்டு..."

"போன உள்ள வைங்க," என்றார் ஆய்வு அம்மையார். "எங்க ஒளிச்சு வெச்சதுன்னு மேடத்துக்குத் தெரியும்னா அது வெறும் வகுப்பு. இப்ப உங்களத் தவிர யாருக்குமே தெரியாது, இதுதான் நெசமான தேடல். கடை எங்கன்னு நீங்க வாயத் திறக்காதீங்க. பசங்க கண்டுபிடிக்கட்டும். நான் நடப்பேன்."

இப்படியாக ஒரு கல்லூரி ஊர்வலம் தெருவுக்கு வந்தது. காவலாளி, "வகுப்பு நேரத்துல எங்க எல்லாரும்?" என்று மறித்தார். "சாரோட சோபாவத் தேடி" என்று ஏணி பதில் சொன்னான். காவலாளி துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் வானத்தைப் பார்த்தார். கேட் திறந்தது.

தெருவில் வேடிக்கை பார்க்க ஆளுக்குக் குறைவில்லை. பழக்கடைக்காரர், "கிணறு தோண்டவா நீரோட்டம் பாக்கறீங்க?" என்று விசாரித்தார். ஒரு மாடி வீட்டு அம்மாள், "எங்க வீட்டுமேல டவர் வெக்கறதா இருந்தா இப்பவே சொல்லிட்டேன், வேணாம்" என்று எச்சரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். ஆய்வு அம்மையார் அதையெல்லாம் ரசித்துக்கொண்டே வந்தார். துறைத்தலைவர் மட்டும் தெரிந்தவர்கள் யாரும் எதிரே வரக்கூடாதே என்று ஓரமாக நடந்தார்.

நாற்சந்தியில் சிக்கல் வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான வங்கிக் கட்டடம் ஒன்று எதிரே நின்றது. ரிசீவரில் சத்தம் அந்தப் பக்கம்தான் பலமாகக் கேட்டது. ஏணி அணியும் மற்ற அணியும் வங்கியை நோக்கிப் பாய்ந்தன.

சாரி நகரவில்லை. ஆன்டெனாவை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சத்தம் எங்கே கூடுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கே செத்துப்போகிறது என்று கேட்கத் தொடங்கினாள். கூடுகிற பக்கம் எதிரொலியால் ஏமாற்றலாம், சாகிற பக்கம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

"வாங்க, வங்கிதான்," என்று கத்தினான் ஏணி.

"இல்ல. அது தப்பு."

"ரிசீவர் மீட்டர்ல முள்ளப் பாரு, முட்டிக்கிட்டு நிக்குது."

"முள்ளு முட்டட்டும். கண்ணாடியில பட்டுத் திரும்பி வருது. டப்பா நமக்குப் பின்னாடி இருக்கு. அந்தச் சந்துக்குள்ள."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அவள் சாரி சொல்ல மறந்துவிட்டாள் என்பதைக் கம்பி மேடம் கவனித்தார். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏணி கொஞ்ச நேரம் வங்கியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஏதோ காலணியைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து நிமிர்ந்து, சந்துப் பக்கம் வந்து சேர்ந்தான்.

சந்துக்குள் போனதும் ரிசீவர் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக அலறியது. பக்கத்தில் வந்துவிட்டால் அப்படித்தான். எங்கே திருப்பினாலும் சத்தம் முழுசாக இருக்கும், திசை தெரியாது. சாரியின் அணி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரிசீவரை, இதற்கென்றே கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடியை முக்கால்வாசி சாத்தியது. தகரம் அலையைத் தடுக்க, சத்தம் முனகலாகச் சுருங்கியது. அந்த முனகல் கூடுகிற பக்கமாக ஒவ்வொரு கடையாகக் கடந்தார்கள். சைக்கிள் கடை. அச்சகம். அடுத்து, வாசலில் பஞ்சும் நுரை மெத்தையும் குவிந்து கிடந்த சோபாக் கடை.

உள்ளே மூன்று சோபாக்கள், மூன்றும் புது உறையோடு, ஒரே நிறத்தில். துணி மொத்தமாக வாங்கியிருப்பார் போலிருக்கிறது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து எழுந்தார். துறைத்தலைவரை அடையாளம் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. வண்டிக்காரன் வரல. இதோ இப்ப அனுப்பிடறேன். அதுக்குப் போய் இத்தன பேரக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே."

"என்னோடது எது?" என்றார் துறைத்தலைவர்.

"அத அவரு சொல்லக் கூடாது," என்றார் ஆய்வு அம்மையார்.

நடந்த களைப்பில் துறைத்தலைவர் பக்கத்திலிருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நேரம் சாரியின் கையிலிருந்த டின்னுக்குள் முனகல் சட்டென்று அமுங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

எழுந்தார். சத்தம் மறுபடி வந்தது.

"இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தார். அமுங்கியது.

"டப்பா மேலயே உக்காந்திருக்கீங்க சார். உங்க உடம்பு அலைய உறிஞ்சிடுது."

துறைத்தலைவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மனித உடம்பு வானொலி அலையை எவ்வளவு உறிஞ்சும் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியவர்தான் அவர். இப்போது தன் சொந்த உடம்பே அந்தக் கணக்கைப் போடுவதைக் கேட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். சத்தம் பாதிதான் குறைந்தது. அவர் முகத்தில் சிரிப்பு பரவியதைப் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்த்தார்கள்.

"குறுக்கால படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"படுத்துப் பாருங்க சார்," என்றாள் சாரி, மிகவும் அக்கறையாக.

படுத்தார்.

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "டப்பான்னா, அந்தக் கறுப்பு டப்பாவா? நேத்து பழைய உறையப் பிரிக்கும்போது பாத்தேன். பெரிய படிப்பு படிச்சவங்க சோபா, ஏதோ காரணமாத்தான் உள்ள வெச்சிருப்பாங்கன்னு, இருந்த எடத்துலயே பத்திரமா வெச்சுத் தெச்சுட்டேன். தப்பாங்க?"

"தப்பே இல்ல," என்றார் கம்பி மேடம். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் பஞ்சுக் குவியலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் அடிப்பக்கத் தையலைப் பிரித்து டப்பாவை எடுத்து, துணியால் துடைத்து, குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் சாரியிடம் கொடுத்தார்.

திரும்பி நடக்கும்போது ஆய்வு அம்மையார் சாரியுடனும் ஏணியுடனும் முன்னால் போனார். கண்ணாடிச் சுவர் விவகாரத்தை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். ஏணி அதைத் தானே கண்டுபிடித்தது போல விளக்கிக்கொண்டிருந்தான். சாரி அவனை விட்டுவிடவில்லை, இடையிடையே திருத்தினாள்.

பின்னால் துறைத்தலைவர் கம்பி மேடத்தோடு நடந்தார். "அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியல," என்றார். "அவங்க என்ன சொன்னாலும் சரி. அடுத்த பருவத்துல நீங்க எல்லாப் பிரிவுக்கும் எடுத்துடுங்க. ஒரு பிரிவுக்கு நான் வரேன். கணக்க நான் பாத்துக்கறேன், டப்பாவ நீங்க பாத்துக்கங்க."

"சரி சார்."

"ஆனா என் ரூம்ல எதையும் ஒளிக்கக் கூடாது."

"சரி சார்."

"முதல்வர் ரூம்ல வெச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல."

கேட்டுக்குள் நுழைந்த பிறகு சாரி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். ஆன்டெனாவின் ஒரு கை வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், இத முடிச்சிட்டு மாறிக்கோன்னு சொன்னீங்க இல்ல."

"ஆமா. முடிச்சிட்டியே."

"இந்தக் கை சரியா நிக்கல மேடம். இதச் சரி பண்ணணும். அப்புறம் கண்ணாடிச் சுவத்துக்கு என்ன பண்றதுன்னு பாக்கணும். இப்போதைக்கு முடியாது போலிருக்கு."

"அப்ப சித்தப்பா கிட்ட என்ன சொல்லுவ?"

"அவரு கிட்ட எதுக்கு மேடம் சொல்லணும்? அவருதானே சேரச் சொன்னாரு."

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த கம்பி மேடத்துக்குத் துறைத்தலைவர் குறுக்கே படுத்த காட்சி ஞாபகம் வந்தது. தனக்குத் தானே சிரித்தார். அடக்கிப் பார்த்தார், தோள் குலுங்கியது. பக்கத்து இருக்கையில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், "என்னங்க, தனியா சிரிக்கறீங்க, எனக்கும் சொல்லுங்களேன்" என்றார். சொல்லத் தொடங்கினார். ரேடியோ அலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் குறுக்குக் கேள்வி கேட்கிறவர்; பிஸ்கட் டின் எதற்கு என்று புரியும் வரை மேலே போக விடவில்லை. சோபாக் கடைக்காரர் டப்பாவை வைத்துத் தைத்த இடத்துக்கு வந்தபோது முன் இருக்கைக்காரர்களும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கதை முடிந்து நிமிர்ந்தபோது இருவருமே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தார்கள். இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் பேருந்துக்காக நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு வங்கிப் பக்கம் போகாம நின்னா பாருங்க," என்றார் கூடைக்காரப் பெண். "அத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."